அப்பா கையில இருக்கற போனுக்கு ஒரு மெசேஜ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் தொனி மாறாமல் லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பையனை நாலு பேர் சேர்ந்து தினமும் வம்புக்கு இழுக்கறாங்க. பட்டப்பேர் வைக்கறாங்க, டிபன் பாக்ஸை ஒளிச்சு வைக்கறாங்க, கபடி டீம்ல சேர்க்க மாட்டேங்கறாங்க. இதுக்குத் தமிழ்ல என்ன பேர்? புத்தகத்துல 'பகடிவதை'ன்னு இருக்கு, 'கொடுமைப்படுத்துதல்'னு இருக்கு. என் வகுப்புல ஒரு பிள்ளை கூட இந்த ரெண்டையும் சொன்னதில்லை. "சும்மா கலாய்ச்சோம் சார்." "ஓட்டுனோம் சார்." செய்யறவனும் இதைத்தான் சொல்றான், வாங்கறவனும் இதைத்தான் சொல்றான். சிக்கலே அங்கதான் இருக்கு.

நான் சூலூர் வட்டாரத்துல ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஆறு, ஏழு, எட்டுதான் எனக்கு. பதினொண்ணுல இருந்து பதிமூணு வயசு. விசைத்தறிக் குடும்பங்க, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போற குடும்பங்க, இப்போ பீகார், ஒடிசாவுல இருந்து வந்த குடும்பங்க. அந்தப் பிள்ளைங்களை மத்தவங்க கூப்பிடற பேர் 'வடக்கன்'. அந்தப் பிள்ளையோட நிஜப் பேரை வருசக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுக்காத பசங்க உண்டு.

இந்தச் சீண்டலைத் தடுக்க எஸ்எம்எஸ் உதவுமான்னு அமெரிக்காவுல ஒரு குழு முயற்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. மிஷல் இபாரா, டோரதி எஸ்பலேஜ் ரெண்டு பேரும் அந்தக் குழுவுல இருந்தவங்க. திட்டத்தோட பேர் 'புல்லிடவுன்'. 2016-ல ஆய்வுக் கட்டுரையா வெளியாச்சு. நம்ம நடுநிலைப் பள்ளி வயசுப் பிள்ளைங்களோட போனுக்கே தினமும் குறுஞ்செய்தி போகும். கோபம் வந்தா என்ன பண்றது, அடுத்தவன் இடத்துல நின்னு எப்படிப் பார்க்கறது, வேடிக்கை பார்க்கறவன் என்ன செய்யலாம், இந்த மாதிரி. சின்ன அளவுல நடந்த முன்னோட்டம்தான். ஆனா அதுல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது: பிள்ளைங்க கிட்டயே பேசி, அவங்க படிச்சுப் பார்த்துச் சொன்னதை வெச்சுத்தான் செய்திகளைத் திருத்தினாங்க.

இதை அப்படியே சோமனூருக்குக் கொண்டு வரலாமா? முடியாதுங்க. முதல் காரணம், போன் யாருதுங்கறது. என் வகுப்புல சொந்தமா போன் வெச்சிருக்கறவங்க மூணோ நாலோ பேர். மத்தவங்களுக்கு அப்பா போன். அப்பா நைட் ஷிப்ட் போனா போனும் கூடவே போயிடும். காலையில ஏழு மணிக்கு வந்து அவர் தூங்கறப்பதான் பையன் கைக்கு வரும். அதுல வர்ற செய்தியை முதல்ல படிக்கறது அப்பா. "உன்னை யாராவது சீண்டறாங்களா?"ன்னு ஒரு மெசேஜ் அவர் கண்ணுல பட்டா, நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தப் பையனோட சட்டையைப் பிடிப்பாரு. இல்லைன்னா தன் பையனையே, "நீ என்னடா பண்ணுன?"ன்னு ரெண்டு போடுவாரு. ரெண்டும் நடக்கற ஊருதான் நம்ம ஊரு.

வாட்ஸ்அப்பை விட்டுடுங்க. அதுக்கு விதிப்படி 13 வயசு ஆகணும், ஆறாவது பையனுக்கு இடமே இல்லை. போதாததுக்கு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளையோட தகவலை எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது.

எஸ்எம்எஸ்ல இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்துல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. தமிழ்ல எழுதினா 70 தான். அந்த 70-லயும் மெய்யெழுத்தோட புள்ளி தனி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனிக் கணக்கு. 'பள்ளிக்கூடம்'னு எழுதினா நமக்கு ஏழு எழுத்து, போனுக்குப் பன்னிரண்டு. எழுபதைத் தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு. மொத்தமா அனுப்பணும்னா டிராய் விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு பண்ணி அனுமதி வாங்கணும், 2021-ல இருந்து இது கெடுபிடி. "இன்னைக்கு வகுப்புல ஒரு பிரச்சினை, சாயங்காலமே ஒரு செய்தி அனுப்பிடலாம்"னு நினைச்சா நடக்காது.

இதெல்லாம் தாண்டி ஒண்ணு இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமாப் பேசணும்.

2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பிளஸ் டூ படிச்ச ஒரு பையன். கூடப் படிச்சவங்க சாதி சொல்லித் தொல்லை பண்ணுனதுல பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டான். ஏன் வரலைன்னு ஆசிரியர்கள் விசாரிச்சாங்க, புகார் எழுதி வாங்கினாங்க. அன்னைக்கு ராத்திரியே அரிவாளோட வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. அவனையும் வெட்டி, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. ரெண்டு பேரும் உயிர் பிழைச்சாங்க. அதுக்கப்புறம் அரசு நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. கையில கட்டற கலர் கயிறுல இருந்து பள்ளி நல அலுவலர் வரைக்கும் நிறையப் பரிந்துரை.

எனக்கு அந்தச் சம்பவத்துல மனசை விட்டு அகலாதது, புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவுல இருந்த அந்தச் சில மணி நேரம். 'சொல்லு, சொல்லு'ன்னு பிள்ளையைத் தூண்டற எந்த ஏற்பாடா இருந்தாலும், சொன்ன பிறகு அவனுக்கு யார் காவல்னு முதல்ல முடிவு பண்ணியிருக்கணும். பெட்டியா இருந்தாலும் சரி, மெசேஜா இருந்தாலும் சரி. நம்ம பள்ளிகள்ல 'மாணவர் மனசு' பெட்டி இருக்கு. நல்ல யோசனை. ஆனா எட்டாவது பிள்ளைங்களுக்கு ஒருத்தர் கையெழுத்து ஒருத்தருக்குத் தெரியும். இடைவேளையில பெட்டிப் பக்கம் யார் போனாங்கன்னு பத்து கண்ணு பார்க்கும்.

சரி, மெசேஜ் எங்கதான் வேலை செய்யுது? நம்ம கோயமுத்தூர்லயே பாருங்க. 2022-ல மாநகரப் போலீஸ் 'போலீஸ் அக்கா'ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, அப்போ பாலகிருஷ்ணன் சார் கமிஷனர். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர், அவங்களை மாணவிகள் நேரடியாத் தொடர்பு கொள்ளலாம். அதே வருசம் மாவட்ட எஸ்.பி. பத்ரிநாராயணன் 'பள்ளிக்கூடம்' திட்டத்தை ஆரம்பிச்சாரு. போலீஸ்காரங்க பள்ளிகளுக்கே போய்ப் பாலியல் தொல்லை பத்திப் பிள்ளைங்க கிட்டப் பேசினாங்க, பிள்ளைங்களும் வாய் திறந்தாங்க. ரெண்டுலயும் நான் பார்க்கறது, முகம் முதல்ல, நம்பர் பிறகு. 'அக்கா'ன்னு பேர் வெச்சவங்களுக்கு ஒரு சலாம் போடலாம். நம்ம பக்கம் 'கண்ணு, அம்மிணி'ன்னு கூப்பிட்டாத்தான் பிள்ளை நிமிர்ந்தே பார்க்கும். "அன்பார்ந்த மாணவர்களே"ன்னு ஆரம்பிச்சா, அந்த மெசேஜ் கேஸ் மானியம் மெசேஜ் மாதிரிப் போயிடும்.

நடுநிலைப் பள்ளி வயசுக்கு இப்படி ஒரு ஆள் இல்லை. 14417 இருக்கு, 1098 இருக்கு, புத்தகத்திலேயே அச்சடிச்சிருக்கு. கூப்பிடணும்னா பேசணும். அப்பா பக்கத்துல படுத்திருக்கறப்ப, பன்னிரண்டு வயசுப் பிள்ளை எப்படிப் பேசும்?

அதனால நாங்க இந்த வருசம் பண்ணிப் பார்க்கறது வேற. அப்பா படிப்பாருன்னு தெரிஞ்சே எழுதறோம். யார் பேரும் இல்லை, கேள்வியும் இல்லை. வாங்கறவனுக்கும் இல்லை, குடுக்கறவனுக்கும் இல்லை. பக்கத்துல நின்னு சிரிக்கறவனுக்கு. ஒரு வகுப்புல பாதிப் பேர் அவங்கதானே. வீட்டுப்பாடம் அனுப்பற அதே போன்ல இருந்து, வகுப்பு ஆசிரியர் பேர்ல, எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி, வாரம் ரெண்டு.

செய்தியை எழுதறது பிள்ளைங்கதான். தமிழ் பீரியட்ல எழுபது எழுத்துக்குள்ள எழுதச் சொன்னோம். புள்ளி, கொம்பு எல்லாம் எண்ணி. முதல் வாரம் முழுக்கத் திருக்குறள் உரை மாதிரியே வந்தது, "பிறரைத் துன்புறுத்தாதீர்"னு. "இதை நீ உன் தோஸ்த்துகிட்ட இப்படித்தான் சொல்லுவியா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் ஒரு ஏழாவது பிள்ளை எழுதிச்சு: "கலாய்க்கிறப்ப சிரிக்காம இருந்தாலே பாதி நின்னுடும்." எண்ணிப் பார்த்தோம், 50. இன்னும் இருபது எழுத்து மிச்சம்.

அந்த மெசேஜ் போன மறுநாள் ஒரு தாத்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. "ஏனுங்க வாத்தியாரே, எம்பேரனைப் பத்தித்தான் இது வந்துச்சுங்களா?"ன்னாரு. எல்லாருக்கும் போனதுங்கன்னேன். கொஞ்ச நேரம் நின்னாரு. "அவன் ரெண்டு வாரமாச் சரியாச் சாப்பிடறதில்லீங்க"ன்னாரு. அப்படித்தான் எங்களுக்கு அந்தப் பையன் விஷயம் தெரிய வந்துச்சு. யாரும் புகார் எழுதலை, யார் பேரையும் சொல்லலை. வகுப்புல உட்கார்ற இடத்தை மொத்தமா மாத்தினோம், மதிய உணவு பரிமாற அவனையும் இன்னும் மூணு பேரையும் போட்டோம். இப்போ சாப்பிடறான்னு தாத்தா சொல்றாரு. சீண்டல் நின்னுடுச்சான்னு கேட்டா, வகுப்புக்குள்ள குறைஞ்சிருக்கு. பஸ்ல இன்னும் இருக்கு. அதுக்கு டவுன் பஸ் கண்டக்டர் ஒருத்தர்கிட்டப் பேசிட்டிருக்கோம்.

உங்க பள்ளியில இந்த மாதிரி ஏதாவது பண்ணிப் பார்த்திருந்தா, எழுபது எழுத்துல எழுதி அனுப்புங்க. புள்ளியையும் எண்ணிக்குங்க. அடுத்த வாரம் அந்தப் பஸ் கதையோட வர்றேன்.