மலைக்குள் போன இரும்பு உறை



மணற்பாங்கான இடத்தில் கிணறு வெட்டும்போது உறை இறக்குவார்கள். பார்த்திருப்பீர்கள். மணலை அள்ள அள்ள உறை இறங்கும். உறை இல்லாவிட்டால் மணல் சரிந்து ஆளையே மூடிவிடும்.

அந்த உறையைப் படுக்க வைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் இரும்புக் குழாயை அப்படித்தான் செலுத்துகிறார்கள். ஜாக்கி எந்திரம் குழாயைத் தள்ளும். உள்ளே திருகாணி போன்ற பெரிய திருகு சுழலும். அது மண்ணை வெளியே கொண்டுவரும். ஒரு குழாய் போனதும் அடுத்த குழாயை வெல்டிங் வைப்பார்கள். மேலே சாலையை வெட்ட வேண்டியதில்லை.

இந்த முறை 41 உயிர்களைக் காக்க உதவியது. எப்படி?

உத்தரகாண்ட் மாநிலத்தில் சில்க்யாரா என்ற இடம். மலையைக் குடைந்து சாலை அமைத்துக்கொண்டிருந்தார்கள். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். விடியற்காலையில் சுரங்கம் இடிந்தது. 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்கு இடிபாடு வழியை மூடியது. அதை அள்ள அள்ள மேலிருந்து மண் சரிந்தது.

ஒரு சிறு குழாய் வழியே காற்றும் பொரியும் கடலையும் உள்ளே போயின. ஆள் வெளியே வர அது போதாது. விமானப்படை விமானத்தில் பெரிய எந்திரம் வந்தது. மூன்றடி அகலக் குழாய் 22 மீட்டர் போய் நின்றது. அதற்குள்ளேயே சற்றுச் சிறிய குழாயைச் செலுத்தினார்கள். இதற்கிடையே, 20-ஆம் தேதி 6 அங்குலக் குழாய் ஒன்று மறுபுறம் எட்டியது. அன்று சூடான உணவு போனது.

24-ஆம் தேதி மீண்டும் தடை. இடிபாட்டில் புதைந்த இரும்பில் திருகு சிக்கி முறிந்தது. முறிந்ததை வெட்டி எடுக்கவே நாட்கள் ஆயின.

பிறகு 'எலி வளை' தோண்டும் தொழிலாளர்கள் வந்தார்கள். குழாய்க்குள் தவழ்ந்து போனார்கள். கையால் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் குழாய் முன்னே தள்ளப்பட்டது. கடைசி 12 மீட்டர் அளவு அப்படித்தான் முடிந்தது. 28-ஆம் தேதி இரவு 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

எந்திரம் பெரும்பகுதி வழியைத் திறந்தது. மனிதக் கை மீதி வழி திறந்தது. தலைக்கு மேல் இரும்பு உறை இருந்ததால்தான் அந்தக் கைகளும் வேலை செய்ய முடிந்தது.

குழி வேலைக்குப் போகிறவர்களே! இறங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மண் சரியாமல் தடுப்பு இருக்கிறதா? தப்பி வர வழி இருக்கிறதா? கேட்பது உங்கள் உரிமை.