தொட்டிக்குப் பெயர் வைத்துக் கேளுங்கள்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



சம்ப், மேல்நிலைத் தொட்டி, எஸ்டிபி எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்கும்படி ஒரு ஏற்பாட்டுக்குக் கமிட்டி கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. விலையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

மோட்டார் ரூமில் பிஎல்சி என்று ஒரு பெட்டி வரும். நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அதுதான். அந்தப் பெட்டியோடு பேசித் தகவல் வாங்கி வைக்கும் மென்பொருளுக்கு சர்வர் என்று பெயர். அதனிடம் கேட்டுத் திரையில் தொட்டிப் படம் காட்டுவது கிளையண்ட். பேங்க் கணக்கில் சொன்னால் சர்வர் கவுண்டர் கிளார்க், கிளையண்ட் வாடிக்கையாளர்.

வாடிக்கையாளர் எதைச் சொல்லிக் கேட்கிறார் என்பதுதான் விஷயம். '192.168.1.20 என்ற பெட்டியில் 40001ஆம் ரெஜிஸ்டர்' என்று திரையின் ஒவ்வொரு கட்டத்திலும் நேரடியாக எழுதிவிடலாம். வேலை செய்யும். நாளை ரூட்டரை மாற்றி, பெட்டியின் முகவரியும் மாறினால் ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும். அதுவரை சில திரைகளில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். தொட்டி நிறைந்திருப்பதாகத் திரை சொல்லும், குழாயில் காற்று வரும்.

மாறாக 'ஏ_பிளாக்_பம்பு' என்று ஒரு பெயரைக் கேட்கச் சொல்லலாம். அந்தப் பெயருக்கு எந்த முகவரி என்பது சர்வரில் ஒரே இடத்தில் இருக்கும். முகவரி மாறினால் அங்கே ஒரு வரி திருத்தினால் போதும். இது புதுச் சரக்கு அல்ல. 1990களிலேயே விண்டோஸில் டிடிஇ என்ற முறை இருந்தது. புரோகிராமின் பெயர், டாபிக், ஐட்டம் மூன்றையும் எக்ஸெல் கட்டத்தில் எழுதினால் மதிப்பு வந்து நிற்கும். ஆர்எஸ்லிங்ஸில் இன்றும் 'டாபிக்' என்றுதான் பெயர், இன்டச்சில் 'அக்சஸ் நேம்'. 1996இல் வந்த ஓபிசியிலும் சர்வரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளை அடுத்த தெருவுக்குப் போனாலும் ஐஎஃப்எஸ்சி அப்படியே இருக்கும். ஆனால் அதன் முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிப்பது. 2020இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்த பின் பழைய கோடுகள் செல்லாமல் போயின. எத்தனை பேர் பாஸ்புக்கோடு அலைந்தார்கள்! அதனால் கம்பெனி பெயரையோ மாடல் நம்பரையோ டாபிக்கில் வைக்க விடாதீர்கள். பெட்டி மாறும். பம்பு செய்யும் வேலை மாறாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஏ பிளாக் பெயருக்கு பி பிளாக் முகவரியைக் கொடுத்துவிட்டால் சர்வர் எந்தப் புகாரும் சொல்லாது. பி பிளாக் தொட்டியையே ஏ பிளாக் என்று காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பிளாக்கிலும் ஒரே மாதிரி பெட்டி என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலையை ஒப்படைக்கும் அன்று பேனலில் ஒவ்வொரு மோட்டாராகக் கையால் நிறுத்தி, திரையில் எது அணைகிறது என்று நம்மில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலை.

பெயர், முகவரி, ரெஜிஸ்டர் எண், பாஸ்வேர்டு எல்லாம் கொண்ட பட்டியல் செயலாளர் பீரோவில் ஒரு பிரதி இருக்கட்டும். ஏஎம்சி வேறு ஆளிடம் போனால் புது ஆள் அதைப் பார்த்துத்தான் தொடங்க முடியும். அது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.