எண்ணெய்க் கிணறும் வற்றாத தர்மமும்

 

செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை ஒருவர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

காஸ்பியன் கடலோரம் அமைந்த பாகூ நகரில், அது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த காலத்தில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஹாஜி ஜைனுல் ஆபிதீன் தகியேவ். சிறு வயதிலேயே கொத்து வேலைக்குச் சென்ற அவருக்கு முறையான கல்வி கிட்டவில்லை. பின்னாளில் கூட்டாளிகளுடன் பீபி ஹைபத் பகுதியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து எண்ணெய் தேடினார். பலன் காணாத கூட்டாளிகள் விலகிக்கொண்டனர். அவர் மட்டும் பொறுமையுடன் தோண்டினார், எண்ணெய் பீறிட்டது. 1897ஆம் ஆண்டு அந்த எண்ணெய்த் தொழிலை ஆங்கிலேய முதலீட்டாளர்களுக்கு விற்றார்.

தமக்குக் கிட்டாத கல்வியைப் பிறருக்கு வழங்குவதே அவரது பெருவிருப்பமாயிற்று. மாணவர் பலரை உயர்கல்விக்கு அனுப்பினார். 1901ஆம் ஆண்டு பாகூவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார். மார்க்கப் போதனையுடன் மொழியும் கணிதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஹனீஃபா மெலிகோவா அம்மையார் முதல் தலைமையாசிரியை ஆனார். உள்ளூர் மார்க்கத் தலைவர்கள் சிலர் இதனை எதிர்த்தபோது, ஹாஜியார் அவர்களுடன் சண்டையிடவில்லை; புனித நகரங்களின் ஆலிம்களிடம் ஆள் அனுப்பி, பெண்கல்விக்கு ஆதரவான கருத்துகளைப் பெற்றுவரச் செய்தார். தாகத்தால் தவித்த நகருக்கு 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஷொல்லார் ஊற்றுகளிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டத்திற்கும் துணைநின்றார். அந்நீர் 1917ஆம் ஆண்டு பாகூவை வந்தடைந்தது.

1920ஆம் ஆண்டு போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மாளிகையும் ஆலைகளும் பறிபோயின. மர்தகான் கிராமத்து வீட்டில் 1924ஆம் ஆண்டு அவர் காலமானார்.

பெருமக்களே! அவரிடமிருந்து எதைப் பறிக்க முடிந்தது, எதைப் பறிக்க முடியவில்லை என்று எண்ணிப் பாருங்கள். பெட்டகத்தில் வைத்தவை போயின. அந்தப் பெண்பிள்ளைகள் கற்ற கல்வியை எந்த ஆட்சியாலும் பறிக்க இயலவில்லை. மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா என்பது இதுவன்றோ!

நம் மஹல்லாவில் பணமின்மையால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோனாலும் அதற்கு நாம் அனைவரும் பொறுப்பாளிகள். வசதியுள்ள குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கல்விச் செலவை, அவள் படித்து முடிக்கும்வரை, ஏற்றுக்கொள்ள முன்வரட்டும். எண்ணெய்க் கிணறு நமக்கு இல்லை. ஈகை மனம் இருந்தால் போதும்.

வல்ல அல்லாஹ் நம் பொருளையும் நம் பிள்ளைகளின் கல்வியையும் பரக்கத் உள்ளதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.