பொதுக் கட்டடங்களும் நமது பொறுப்பும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கட்டடங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் படிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும், தங்கும் விடுதியும், நம் பெண்கள் மகப்பேற்றுக்குச் செல்லும் ஆரம்பச் சுகாதார நிலையமும், சாதிச் சான்றிதழுக்காக நாம் காத்து நிற்கும் வட்டாட்சியர் அலுவலகமும் அரசுக் கட்டடங்களே. அவை ஒழுகினால் வசதி படைத்தோர் தனியாரை நாடிச் செல்வர். நமக்கோ ஒதுங்க வேறு கூரை இல்லை.

அந்த வாயில்கள் நமக்குத் தாமாகத் திறந்துவிடவில்லை. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அவ்வாண்டே அரசாணையாகவும் வெளிவந்தது. நுழையும் உரிமையை முன்னோர் பெற்றுத் தந்தனர். நுழைந்த இடம் நம் பிள்ளைகளின் தலைமேல் விழாதவாறு பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் வேலை.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் பணி விரைவு பெற்றது. உயிர் போன பின்பு வரும் விரைவு, போன உயிரை மீட்குமா?

கட்டடம் ஒரு நாளில் சாவதில்லை. மொட்டை மாடியின் வடிகுழாய் சருகால் அடைபடுகிறது, மழைநீர் தேங்குகிறது, தட்டோட்டின் இடுக்கில் இறங்கிய ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் காரையைப் பிளந்து தள்ளுகிறது. கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்று வேரோடிச் சுவரைப் பிளக்கிறது. சருகை அள்ள ஒரு நாள் கூலி போதும். அதைச் செய்யாது விட்டதற்கு விலை ஒரு கூரை.

பழமை என்று காரணம் கூறுவதும் பொருந்தாது. 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. பொதுப்பணித் துறை அதனைப் பழைய வடிவிலேயே மீட்டெழுப்பியது. மகாலைக் காத்த கைத்திறன் மாணவர் விடுதியையும் காக்க வல்லதே. புதுக் கட்டடத்திற்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. பழுதுபார்ப்புக்கு அவை இல்லை. ஆகவே அதனைக் கேட்டுப் பெற ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஊரின் ஒவ்வோர் அரசுக் கட்டடத்தையும் சென்று பாருங்கள். விரிசலின் அருகில் தேதியிட்டுக் குறியிடுங்கள். அது நீள்கிறதா என அடுத்த முறை அறியலாம். அக்கட்டடம் ஊராட்சியுடையதா, துறையுடையதா, 1974-இல் தோன்றிய தாட்கோ கட்டியதா என்று முதலில் தெளியுங்கள். முகவரி தவறிய மனு மேசை மேசையாக அலையும். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். விடுதி மாணவரைக் கூரைமேல் ஏற்றுவதும், கழிப்பறை கழுவச் செய்வதும் பராமரிப்பு ஆகா. ஊதியமின்றி ஊர் வேலை செய்த காலத்தை நம் பாட்டன்மார் பட்டுத் தீர்த்துவிட்டனர். செப்பனிடுவது அரசின் கடன். கண்காணிப்பதும் கேட்டுப் பெறுவதும் நம் கடன்.

இச்சங்கத்தால் எழுத்தறிவு பெற்ற கைகள் எழுதும் மனுக்கள், வரும் மழைக்கு முன்பே உரிய மேசையைச் சேரட்டும்.