பௌர்ணமி எந்த நாள்?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆலய அலுவலகத்தில் உபயச் சீட்டு எழுதும் தொண்டைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பௌர்ணமி பூசைக்கு உபயம் கட்டியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "நேற்றே நிலா முழுசாக இருந்ததே ஐயா, பூசையை ஏன் இன்றைக்கு வைத்தீர்கள்?" சிலர் கோபித்துக்கொண்டும் கேட்பார்கள். மறைந்த தாய் தந்தையர் நினைவாகக் கட்டிய உபயம். நாள் தவறிவிட்டதோ என்ற மனக்குறை இருக்கத்தானே செய்யும்?

நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்தப் பாதி எவ்வளவு நம் பக்கம் தெரிகிறதோ அதுதான் பிறை. பூமியின் நிழல் விழுந்து நிலா தேய்கிறது என்று நன்கு படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. நிழல் விழுவது கிரகணத்தின்போது மட்டுமே.

சூரியனை விட்டு நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி. 180 பாகை விலகி, நேர் எதிரே நிற்கும் கணமே முழு நிலவு. அந்தக் கணம் இங்கே நண்பகலாகவும் இருக்கலாம். நிலா அப்போது நமக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் இரவிலும் மறுநாள் இரவிலும் வட்டத்தில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் குறைந்திருக்கும். அதைக் கண் எங்கே கண்டுபிடிக்கிறது?

இன்னொன்று. தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கம் நம் வீடுகளில் உண்டு. நம் கடிகாரம் அந்நாட்டுக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 10 மணிக்குத் திதி முடிந்தால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30. தேதியே மாறிவிடுகிறது! சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது.

தைப்பூசத்துக்கு வருவோம். நிலவு ஒரு நட்சத்திரத்தை விட்டு மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27.3 நாள். அதற்குள் சூரியனும் சற்று நகர்ந்துவிடுவதால், மறுபடி அதற்கு எதிரே நிற்க 29.5 நாள் ஆகிறது. தை மாதம் சூரியன் மகரத்தில். எதிர் இராசி கடகம். கடகத்தில் இருப்பவை புனர்பூசத்தின் கடைசிப் பாதம், பூசம், ஆயிலியம். ஆகவே தைப் பௌர்ணமி பூசத்திலோ அதையொட்டியோ வரும். மாசி மகமும் பங்குனி உத்திரமும் இதே கணக்குதான். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்து வைத்த கணக்கு, ஐயா!

2018 ஜனவரி 31 உங்களுக்கு நினைவிருக்கும். தைப்பூசத்தன்றே முழுச் சந்திர கிரகணம். இரவு 8.51 முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிலா செம்பு நிறமாய் நின்றது. "நேர்த்திக்கடன் செலுத்திய நாளில் இப்படியா?" என்று ஓர் அம்மையார் கலங்கிப்போனார். பூமியின் காற்று மண்டலத்தினூடே வளைந்து போகும் சூரிய ஒளியில் சிவப்பே மிஞ்சி நிலவில் படுகிறது, அந்தி வானம் சிவப்பதும் இப்படித்தான் என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் மாதந்தோறும் இப்படி நேர்வதில்லை.

நாம் வாழ்வது பூமத்திய ரேகையை ஒட்டி. அதனால் மூன்றாம் பிறை இங்கே ஏறக்குறைய ஓடம் போலப் படுத்திருக்கும், சிவபெருமான் சடையில் நாம் காண்பதுபோல. இலண்டனில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் அது ஒருக்களித்தே நிற்கும்.

வரும் ஆண்டிலிருந்து பௌர்ணமித் திதி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும், நம் நாட்டு மணிக் கணக்கிலேயே உபயச் சீட்டில் அச்சிட அறங்காவலர்கள் இசைந்துள்ளார்கள். பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.