வேப்பங்கொட்டையின் கசப்பு

தலைநகரில் ஆனி, ஆடி மாதங்களில் நாம் வேப்பம்பழங்களை மிதித்தவண்ணமே அலுவலகம் செல்கிறோம். குப்பையோடு பெருக்கித் தள்ளப்படும் அக்கொட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1962-இல் தில்லியை வெட்டுக்கிளிகள் சூழ்ந்தபோது, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானி எஸ். பிரதான், வேப்பம்பருப்பை அரைத்து நீரில் கலந்து பயிர்மீது தெளித்தார். அவை வந்து அமர்ந்தன, இலையைத் தின்னவில்லை! உடனே கொல்லும் நஞ்சன்று அது. உணவையே வெறுக்கச் செய்யும் கசப்பு. வெயிலில் விரைவில் சிதைந்துவிடுவது அதன் குறை. மாலையில் தெளிப்பதே நலம்.

இவ்வெளிய பொருளுக்கும் உரிமை வழக்கு எழுந்தது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க அரசும் அந்நாட்டு நிறுவனமொன்றும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் முன்னரே வழங்கிய முறை என்று சான்று காட்டப்படவே, 2000-இல் அது ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியாயிற்று.