கேட்டு வாங்குங்கள்

அறிமுக உரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை, மீதி அன்பு. பட்டம் பெற்றிருக்கும் பிள்ளைகளே, இந்தக் கறுப்பு அங்கிக்குள் நீங்கள் எப்படி வேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆகவே மரியாதைப் பேச்சு வேண்டாம்.

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். நல்ல அறிவுரைதான். நானும் சில மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சமூகவியல் நடத்தியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கொடுக்கத் தெரிந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் அரிது. அப்படிப்பட்ட ஒரு தம்பதியை, தெற்கு இத்தாலியில் ஒரு கோடைகாலத்தில் பார்த்தேன். இன்று அவர்கள் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு புத்தகம். எட்வர்ட் பான்ஃபீல்ட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1954-55இல் தன் மனைவி லாரா, இரண்டு குழந்தைகளோடு பசிலிக்காத்தா மாநிலத்தின் கியாரொமோந்தே என்ற மலையூரில் ஒன்பது மாதம் தங்கினார். அவருக்கு இத்தாலிய மொழி தெரியாது; லாராவுக்குத் தெரியும். 1958இல் வந்த அந்த நூலில் ஊரின் பெயரை மாற்றி எழுதினார். தன் வீட்டின் உடனடி லாபத்தைத் தவிர இந்த மக்கள் வேறு எதையும் நினைப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரனும் அப்படித்தான் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள், அதனால் இங்கே பொதுக் காரியம் எதுவும் நடப்பதில்லை என்பது அவர் தீர்ப்பு. அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று இன்னும் என் நினைவில் நிற்கிறது. பாழடைந்த மடத்தில் கன்னியர்கள் ஓர் அநாதை இல்லம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கட்டடம் இடிந்துகொண்டிருக்கிறது. பாதி நாள் வேலையில்லாமல் இருக்கும் கொத்தனார்கள் ஊரில் பலர். ஒருவர்கூட ஒரு நாள் வேலையை இனாமாகச் செய்து தரவில்லை.

எம்.ஏ. படித்த காலத்தில் எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதி. வகுப்பு முழுவதும் முறைவைத்துப் படித்தோம். என் முறை வந்தபோது தேர்வு நெருங்கிவிட்டது. விடுதியில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். மாடிப்படியில் மட்டும் ஒரு மஞ்சள் பல்பு எரியும். அந்தப் படியில் உட்கார்ந்து, கொசுவை அடித்துக்கொண்டே படித்து முடித்தேன். பல்பு எரிகிறதே என்று விடுதிக் காப்பாளர் அம்மாவும் தன் மாத நாவலோடு வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்துகொள்வார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை.

பான்ஃபீல்டின் முடிவைப் பின்னால் வந்தவர்கள் பலவிதமாக மறுத்தார்கள். நிலம் யாரிடம் இருந்தது, கூலி என்ன, வறுமை எவ்வளவு என்று பார்க்காமல் மனிதர்களின் குணத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்டார்கள். நானும் வகுப்பில் இரண்டு பக்கத்து வாதங்களையும் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊர்ப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட ஆசை வந்தது. தங்குவதற்கு ஒரு நண்பர் ஏற்பாடு செய்து கொடுத்த வீடு, சின்னி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேறொரு சிற்றூரில், ஒரு மிஷனரித் தம்பதியின் மாடியறை.

இருவரும் பிரேசில்காரர்கள். மனைவியின் கொள்ளுத்தாத்தா அந்த மலைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். புரொட்டஸ்டண்ட் சபை ஊழியத்துக்காக வந்திருந்தார்கள். கத்தோலிக்க நாட்டில் கிறிஸ்தவ மிஷனரிக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த ஊர்க்காரர்களுக்கும் அதே சந்தேகம்தான். இத்தாலியில் புரொட்டஸ்டண்ட்டுகள் மிகச் சிறுபான்மை. அவர்களில் ஒரு பிரிவான பெந்தெகொஸ்தே சபை அங்கே பரவியதே, அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாகத்தான். 1935இல் முசோலினி அரசு ஒரு சுற்றறிக்கை போட்டு அந்த வழிபாட்டையே தடை செய்தது. பாசிச ஆட்சி விழுந்த பிறகும் அந்தத் தடை 1955 வரை நீடித்தது. ஆகவே புது சபைக்காரர் என்றால் ஒரு தயக்கம் அங்கே பழைய காலத்திலிருந்தே உண்டு.

வந்த புதிதில் தம்பதி என்ன செய்தார்கள்? நாமெல்லாம் செய்வதைத்தான். கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில வகுப்பு, முதியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் தங்கள் பழைய வேன், கிறிஸ்துமஸுக்குக் கேக். ஊர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வாங்கிய மறுநாள் காலையில் வாசலில் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் இருக்கும், அல்லது ஆறு முட்டை. கணக்கு நேராகிவிட்டது, உனக்கும் எனக்கும் பாக்கி இல்லை. ஒருவரும் உள்ளே வந்து உட்காரவில்லை, ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் முட்டைக்கும் எண்ணெய்க்கும் பஞ்சமே இல்லை என்று அந்த அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

குளிர்காலத்தில் அந்த ஊர்கள் பாதி காலி. பசிலிக்காத்தாவின் மக்கள்தொகை 1961இல் 6 லட்சத்து 44 ஆயிரம். இன்று ஐந்தரை லட்சம்கூட இல்லை. பான்ஃபீல்ட் இருந்தபோது கியாரொமோந்தேயில் 3,400 பேர். இப்போது இரண்டாயிரத்துக்கும் கீழே. பிள்ளைகள் தூரினிலும் மிலானிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். ஆகஸ்டில் எல்லோரும் வந்துவிடுவார்கள். மதியம் தெருவில் நாய்கூட நடக்காது. வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொரு வாசலிலும் நாற்காலி வரும். நாற்காலி இருந்தால் பேச்சு, பேச்சு இருந்தால் கைக்கு ஒரு வேலை.

அந்தக் கைவேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் செனீசே என்று ஒரு ஊர். அங்கே விளையும் காரமில்லாத சிவப்பு மிளகாய்க்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோல் மெல்லியது, நீர்ச்சத்து குறைவு, அதனால் வெயிலிலேயே காய்ந்துவிடும். ஆகஸ்டில் பறித்து, ஊசி நூலால் கோத்து, ஆளுயரச் சரங்களாகப் பால்கனியில் தொங்கவிடுவார்கள். காய்ந்ததை ஆலிவ் எண்ணெயில் சில நொடி போட்டு எடுத்தால் மொறுமொறுவென்று, நம் மோர்மிளகாய் மாதிரி, ஆனால் காரம் இல்லாமல் இருக்கும். நான் தயிர்ச்சாதத்தை நினைத்து ஏங்கியது அங்கேதான்.

தம்பதி அங்கே கழித்த முதல் கோடையில் பிரேசில் அம்மா சந்தையில் ஒரு கூடை மிளகாய் வாங்கி வந்து, எல்லோரையும் போலக் கோத்துத் தொங்கவிட்டார். ஊசியை மிளகாயின் சதையில் குத்திவிட்டார். நாலே நாளில் சரம் முழுவதும் அழுகி நாற்றம் எடுத்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அதுவரை ‘வணக்கம், நல்லா இருக்கீங்களா’ என்பதற்கு மேல் பேச்சு இல்லை. இவர் அந்த அழுகிய சரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். ‘எனக்கு இது தெரியவில்லை, சொல்லிக் கொடுக்கிறீர்களா?’ என்று கேட்டார்.

பாட்டி சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மகன், தூரின் மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து அந்தச் சரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு மிளகாய் கோக்கத் தெரியவில்லை! காம்பில் குத்த வேண்டும், சதையில் ஊசி படவே கூடாது. மறுநாள் மாலை பாட்டி வாசலில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதற்கடுத்த வாரம் பாட்டி அவரைத் திட்டத் தொடங்கிவிட்டார். நூலை இவ்வளவு தளர்வாகவா இழுப்பார்கள்? புருஷனுக்கு இப்படியா சட்டை தேய்த்துக் கொடுப்பாய்? திட்டும் உரிமையை ஒருவர் தானாக எடுத்துக்கொண்டார் என்றால் நட்பு வந்துவிட்டது என்று பொருள். என் கள ஆய்வு அனுபவத்தில் இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன் பிறகு கணவரும் பாடம் கற்றுக்கொண்டார். தக்காளிச் சாறு காய்ச்சப் பெரிய பீப்பாய் இல்லை என்று ஒரு வீட்டில் கேட்டார். பாட்டில் மூடி அழுத்தும் கருவியை இன்னொரு வீட்டில் கேட்டார். பீப்பாயைக் கொடுத்தவர் சும்மா கொடுப்பாரா? கூடவே வந்து அடுப்பு மூட்டினார், தக்காளி பிழிந்தார், மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார். முட்டையும் எண்ணெயும் வாசலுக்கு வருவது நின்றுபோனது. நான் போன கோடையில் அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. நேரே உள்ளே வந்தார்கள்.

ஆகஸ்ட் 16 புனித ரோக்கோ திருநாள். சுரூபத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வருவார்கள். இந்தத் தம்பதி அந்த வழிபாட்டில் சேர மாட்டார்கள். அது ஊருக்கே தெரியும். வாசலில் மேசை போட்டுத் தூக்கி வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தார்கள். பாட்டியின் பேரன் தோளை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். அவனும் இவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை.

மதம் பரப்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நட்பைத் தூண்டில் புழுவாகப் போடுவது எனக்குப் பிடிக்காத காரியம், அதை யார் செய்தாலும். அதனால் கணவரிடம் நேராகவே கேட்டேன், இத்தனை ஆண்டில் எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று. ஊர்க்காரர் ஒருவரும் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ருமேனியாவிலிருந்து வந்த பெண்கள் சிலர்தான். பிறகு பாட்டியிடம் கேட்டேன்: ‘இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?’ பாட்டி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘என்னை மாற்ற வந்திருக்கிறார்கள். அதை அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் மாறமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். நீ அந்த நூலைப் பிடி.’

பிள்ளைகளே, நோக்கமே இல்லாமல் யாரும் யாரிடமும் போவதில்லை. உங்களில் வங்கிக்குப் போகிறவர் கடன் வசூலிக்கப் போவீர்கள். சமூகப்பணி படித்தவர் படிவம் நிரப்பப் போவீர்கள். ஆய்வு மாணவர் முனைவர் பட்டத்துக்காகப் போவீர்கள். அதில் குற்றமில்லை. எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு, கொடுக்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடாமல், கேட்கிற நாற்காலிக்கு மாறி உட்காருங்கள். கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேதான் இருக்கும். அந்த உயரத்தில் நட்பு வளராது.

பான்ஃபீல்ட் சொன்ன அந்தக் கொத்தனார்களை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ‘எங்களுக்குச் சுவர் பூசத் தெரியாது, வந்து சொல்லிக் கொடு’ என்று யாராவது அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா? வந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். பீப்பாய் கொடுத்தவரும் அதே மலையில் பிறந்தவர்தான்.

அங்கிருந்து திரும்பும் வழியில் சிசிலியில் பலேர்மோவுக்குப் போனேன். இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நகரம் அது. போரின் காரணமாக ஊரை விட்டு வந்து, வீட்டு வேலையில் தொடங்கியவர்கள் பலர். அந்த நகரத்தின் காவல் புனிதை ரோசலியா. 1624இல் வந்த கொள்ளைநோயை அவர்தான் விரட்டினார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பெல்லெக்ரீனோ மலையில் உள்ள அவருடைய குகைக்கோயிலுக்கு நம் மக்கள் ஏறிப் போகிறார்கள், கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும்தான். வேலை கேட்டார்கள், வாடகைக்கு வீடு கேட்டார்கள், கடைசியில் அந்த ஊர்ப் புனிதையிடம் வரமும் கேட்டார்கள். தங்கள் புனிதையிடம் வந்து கேட்கிறவர்களை அந்நியர் என்று தள்ளிவைப்பது எந்த ஊருக்கும் கடினம்.

கேட்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு, கேட்கிறவள் பெண் என்றால் இன்னும் அதிகமாக. நம் ஊரில் வேறொன்றும் இருக்கிறது. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக்கூடாது என்பதை நமக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். சில தெருக்களுக்கு அரிசியும் வேட்டியும் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நல்லவர்கள், அதே தெருவில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சேவை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்தச் செம்புத் தண்ணீரின் முன்னால் நிற்காது.

இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் முதல் வேலைக்காகப் புது ஊருக்குப் போவீர்கள். போன முதல் வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஏதாவது கேளுங்கள்: ஒரு ஏணி, ஒரு பாத்திரம், அந்த ஊர்க் குழம்பின் பக்குவம். எந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று உங்களைச் சொல்லி வளர்த்தார்களோ, அந்த வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். கொஞ்சம் பாக்கி இருக்கட்டும்.